நாற்பத்தொன்பதாம் ஆண்டு வாரண்ட்

முப்பத்து நாலு வருஷம் ரயில்வே டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவனுக்கு மனிதரை முகத்தால் தெரியாது, விரலால்தான் தெரியும். ஜன்னலின் துவாரம் அவ்வளவுதான். உள்ளே நீளுகிற விரலைப் பார்த்தே, இவன் முழு டிக்கெட் எடுக்க வேண்டிய பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறான், இவன் மாமியாரோடு கோபித்துக்கொண்டு வந்திருக்கிறான், இவன் நேற்று இறால் தின்றிருக்கிறான் என்றெல்லாம் என்னால் சொல்ல முடியும். ஒருமுறை ஒரு விரலைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு மூன்று நாளில் காய்ச்சல் வரும் என்றேன். வந்தது. அந்த மனிதர் காய்ச்சலோடு ஸ்டேஷனுக்கு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி கமலேஸ்வரி இந்தக் கதையை நம்புவதில்லை. நீங்கள் நம்பலாம்.

எழுபத்து நாலாம் ஆண்டு எனக்குப் பென்ஷன் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னலை வைத்துக்கொண்டார்கள், சந்தேகத்தை என்னோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சந்தேகப்பட ஆள் போதாது. கமலேஸ்வரியைச் சந்தேகித்தால் தேத்தண்ணீர் நின்றுவிடும். ஆகவே நான் பக்கத்து வீட்டு அபூதாஹிர் காக்காவைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

காக்கா என்றால் முஸ்லிம்களுக்கு அண்ணன். இவர் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்து என்னோடு ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர். திருகோணமலை உட்துறைமுக வீதியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரமும் அரை வேலியும்தான். அவருடைய பெருமை முழுவதும் ஒரே விஷயத்தில் தங்கியிருந்தது. நாற்பத்தொன்பதாம் ஆண்டு, கல்யாணத்துக்கு முன்பு, தனி ஆளாகப் பத்து நாளில் இலங்கையைச் சுற்றி வந்தவர் அவர். நுவரெலியாவில் குளிரில் பல்லுக் கிட்டி, வாயில் வைத்த வாழைப்பழத்தைக் கடிக்க முடியாமல் நின்றதைக் குறைந்தது நானூறு தரம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தரமும் பழம் கொஞ்சம் நீண்டுகொண்டு வந்தது, வழியில் கண்ட யானை கொஞ்சம் பெருத்துக்கொண்டு வந்தது. நானே கதையை நீட்டுகிறவன் என்பதால் அடுத்தவன் நீட்டும்போது எனக்கு உடனே தெரியும்.

ஓய்வு பெற்ற எங்கள் இருவருக்கும் வருஷாவருஷம் வாரண்ட் கிடைக்கும். வாரண்ட் என்றதும் பொலிஸை நினைக்க வேண்டாம். அரசாங்க உத்தியோகத்தரும் பென்ஷன்காரரும் மனைவியோடு இலவசமாக ரயிலில் போய்வர எழுதித் தருகிற கடதாசிக்குத்தான் எங்கள் ஊரில் அந்தப் பெயர். அதை வைத்துக்கொண்டு நாலு பேருமாக நாட்டைச் சுற்றுவது என்று தீர்மானித்தோம். ஊரில் இராசையா மாஸ்டர் என்று ஒருவர் பஸ் பிடித்துச் சனங்களைச் சுற்றுலா கூட்டிப் போவார். அவரோடு போனால் அவர் விசில் ஊதும்போது இறங்கி, விசில் ஊதும்போது ஏற வேண்டும். நீர்வீழ்ச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசில் வரும், தண்ணீர் பாதியில் நின்றுவிடும் என்று சொல்லுவார்கள். அவர் நிறுத்துகிற சாப்பாட்டுக் கடையெல்லாம் அவருடைய மச்சான்மாருடையது என்பது என் சந்தேகம். இலங்கையில் அவருக்கு அறுபது மச்சான்மார் இருக்க வேண்டும். ஆகவே எங்கள் பயணத்தை நாங்களே போடுவது என்று முடிவாயிற்று.

உண்மையில் இந்தப் பயணம் காக்காவின் மனைவி பரீதாவுக்கு வந்த ஒரு கடிதத்தில் தொடங்கியது. அவருடைய தங்கை நஜ்முன் நிஸா தெற்கே வெலிகாமத்தில் வாழ்க்கைப்பட்டுப் பத்தொன்பது வருஷம். அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு முகம் பார்க்கவில்லை. கடைசிக் கடிதத்தில், காலில் வாதம் பிடித்துவிட்டது, இனி நான் வர ஏலாது, நீ வந்தால்தான் காணலாம் என்று எழுதியிருந்தது. பரீதா அந்தக் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தார். ஆனால் புறப்படுகிறேன் என்று சொல்லவில்லை.

காரணம் கல்லோயாச் சந்தி. திருகோணமலையிலிருந்து போகிற தண்டவாளம் மட்டக்களப்புத் தண்டவாளத்தில் போய்ச் சேருகிற இடம் அது. ஐம்பத்தாறாம் ஆண்டு பரீதாவின் வாப்பா, பேரப்பிள்ளை பார்க்க, கிண்ணியாத் தயிர்ச் சட்டி ஒன்றோடு வெலிகாமம் புறப்பட்டார். கல்லோயாவில் இறங்கி மாறும்போது எதிர்ப்பக்கத்து வண்டியில் ஏறி மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அங்கே யாரையும் தெரியாது. தயிரும் புளித்துவிட்டது. சட்டியோடு திரும்பி வந்து சாகும்வரை அந்தப் பேரனைக் காணாமலே போய்விட்டார். அன்றைக்கே காக்கா வாயை விட்டிருக்கிறார்: மாமா என்னைக் கூட்டிப் போயிருந்தால் இந்தத் தவறு நடந்திராது, கல்லோயா எனக்கு என் உள்ளங்கை மாதிரி. அதைப் பரீதா மறக்கவில்லை. அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அந்த வழியால் ஒருமுறையாவது போய் வந்த ஆள் முன்னால் நடக்க வேண்டும். அப்படியென்றால் அவர் வருவார். இல்லையென்றால் தங்கையைக் காணாமல் இருந்துவிடுவார்.

ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு காக்கா வீட்டு மேசையில் பள்ளிக்கூட இலங்கைப் படத்தை விரித்தோம். படத்தின் யாழ்ப்பாணப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பட்டு, குடாநாடு கண்ணாடி மாதிரித் தெரிந்தது. பரீதா தையல் நூலை எடுத்து, ஊருக்கு ஊர் தூரம் அளந்து முடிச்சுப் போட்டார். கமலேஸ்வரி தங்குமிடங்களை எழுதினா. மனைவி எழுதும் பட்டியல்களில் எனக்கு எப்போதும் சந்தேகம், ஏனென்றால் அதில் என் பெயர் சுமை தூக்குகிற இடத்தில் மட்டும் வரும். அந்த வருஷம் மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை இருந்தபடியால், என் பெட்டியைத்தான் முதலில் கிளறுவார்கள் என்று நான் பத்து நாள் முன்பே பயந்துகொண்டிருந்தேன். பெட்டியில் அரிசி இல்லை. இல்லாத அரிசியைப் பிடிப்பவர்களும் உண்டு.

முதலில் நேரே வெலிகாமம், இந்த முறை கொண்டுபோகிற தயிர் புளிக்கும் முன், என்றார் பரீதா. மற்ற ஊர்களெல்லாம் பிறகு. பகல் வண்டிதான் என்றும் சொல்லிவிட்டார். இரவு மெயில் ரயிலில் வண்டி மாறாமலே கொழும்புக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். பத்தொன்பது வருஷம் காத்திருந்துவிட்டு இருட்டுக்குள்ளால் போவதா என்று கேட்டார். நான் பகல் வண்டி நேரத்தை எழுதிக்கொண்டேன்.

வெலிகாமத்துக்குப் பிறகு எப்படித் திரும்புவது என்ற இடத்தில்தான் காக்கா வழுக்கினார். மாத்தறையில் ஏறினால் கடற்கரையோரமாகவே ரயில், ஒரு பக்கம் மான், மறுபக்கம் மீன், நேரே மட்டக்களப்பு என்று கையால் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். பரீதா நூலைக் கொண்டுபோய் மாத்தறையில் வைத்தார். அதற்கு அப்பால் படத்தில் கறுப்புக் கோடு இல்லை. நூல் அந்த இடத்தில் நின்றது.

"இதுல தண்டவாளம் போடல்லியே" என்றார் பரீதா.

"படம் பழசு" என்றார் காக்கா.

"நீங்க போனது அதுக்கும் முந்தித்தானே."

காக்கா தேத்தண்ணீர் குடித்தார். கோப்பையில் தேத்தண்ணீர் முடிந்து ஐந்து நிமிஷமாகியிருந்தது. மாத்தறையோடு தண்டவாளம் முடிகிறது என்பது ரயில்வேயில் கூட்டுகிறவனுக்கும் தெரியும். எனக்குள் ஆனந்தம் பொங்கியது. முப்பத்து நாலு வருஷத்தில் கள்ள டிக்கெட்டுகள் பிடித்திருக்கிறேன், ஒரு முழுத் தீவையே கள்ளமாகச் சுற்றிய ஒருவரைப் பிடித்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்து கமலேஸ்வரியிடம் சொன்னேன். அவ உள்ளி உரித்துக்கொண்டிருந்தா. உங்களுக்கு மட்டும் கல்லோயா தெரியுமோ என்று கேட்டா. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் சேவைக்காலத்தில் மூன்று இடமாற்றம்: சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய். நானூறு மைல் நீளத் தண்டவாளத்துக்கு டிக்கெட் கிழித்த நான், முப்பது மைலுக்குள் கிடந்தவன். ஒருமுறை கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். இரவு மெயிலில் போனேன், இரவு மெயிலில் வந்தேன். கல்லோயாவை இரண்டு தரம் நித்திரையில் கடந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆனால் பரீதாவிடம் நான் சொல்லி வைத்திருந்தது வேறு. இலங்கையில் எந்த ஸ்டேஷனிலும் எந்தத் தூணில் எத்தனை ஆணி என்று எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் பரீதா எங்கள் வீட்டுக்குத் தனியே வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்து, எண்ணெய்க் கடதாசியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கதிரையில் இருந்த என் மடியில் விரித்தார். நாற்பத்தொன்பதாம் ஆண்டு வாரண்ட். திருகோணமலையிலிருந்து மாத்தறைக்கு, போக வர. பெயர், பதவி, பச்சை மையில் கையெழுத்து, எல்லாம் மினுங்கியது. யாராவது காக்காவின் பயணத்தைச் சந்தேகித்தால் அவர் இதைத்தான் எடுத்துக் காட்டுவார் என்றார். கலியாணப் பேச்சின்போது தன் வாப்பாவிடமும் இதைத்தான் காட்டினாராம். நாடு பார்த்த மாப்பிள்ளை என்று வாப்பா உடனே சம்மதித்துவிட்டாராம்.

நான் அந்தத் தாளைத் திருப்பி முத்திரையைத் தேடினேன். வாரண்டைக் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்தால், அதை வாங்கி முத்திரை குத்தி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத்தான் டிக்கெட் தருவோம். போனவனுடைய வாரண்ட் ரயில்வேயிடம் இருக்கும். போகாதவனுடைய வாரண்ட்தான் அவன் வீட்டில் இருக்கும். இதில் முத்திரையும் இல்லை, திகதிக் குத்தும் இல்லை. காக்கா இருபத்தைந்து வருஷமாகத் தான் போகவில்லை என்பதற்கான சாட்சியைப் பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்து, போனதற்குச் சாட்சி என்று ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் இரண்டு பேரும் மீன் வியாபாரி ஒருவரும் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு உட்பக்கம் இருந்தவன் ஒருவனும் அதுவரை பார்க்கவில்லை.

பரீதா தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், நீங்க ரயில்வே ஆள். இது மெய்தானா?"

"அசல் வாரண்ட், தங்கச்சி."

"கடதாசி மெய்யா எண்டு கேக்கல்ல. மனிசன் போன மெய்யா?"

குசினிக்குள் உள்ளி இடிக்கிற சத்தம் நின்றது. கமலேஸ்வரி காது கொடுத்துக்கொண்டிருந்தா. இல்லை என்று நான் சொன்னால் பரீதா தாளை மடித்து டின்னுக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். வெலிகாமத்தில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பா. கள்ள டிக்கெட்டுக்கு ஒருநாளும் கண்ணை மூடிக்கொள்ளாத நான் அன்றைக்கு மூடிக்கொண்டேன்.

"போனவர்தான். தைரியமா வெளிக்கிடுங்கோ."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அடுத்த நாள் காக்காவைத் துறைமுகப் பக்கம் நடக்கக் கூட்டிப்போய், மாத்தறைக்கு அப்பால் எந்த ரயிலில் போனீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கப்பல் பார்த்தார். பார்க்கக் கப்பல் ஒன்றும் நிற்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். அந்த வருஷம் வாரண்டோடு பெட்டி கட்டிக்கொண்டு புறப்படும்போது, தேத்தண்ணீர்க் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கல்லோயாவில் பிழையான பக்கம் ஏறினால் எங்கே கொண்டுபோய் விடுவான் என்று தெரியாது என்று. பயம் பிடித்துவிட்டது. ஒரு லொறியில் ஏறித் தம்பலகாமத்தில் ஒரு கூட்டாளியிடம் இறங்கி, பத்து நாள் வயல் காவல் குடிசையில் படுத்திருந்துவிட்டு வந்தார். நுவரெலியாக் குளிர் என்றது மார்கழிப் பனி.

"யானை கண்டது மெய், ரத்தினம்" என்றார். "அத மட்டும் நீ நம்பு."

மாமனாருக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் பெண் கிடைத்திராது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கல்லோயா உனக்குத் தெரியும்தானே, நீ காதுக்குள் சொல்லு, நான் முன்னால் நடக்கிறேன் என்றார். நான் ஓம் என்றேன். இனி இரண்டு பொய், ஒரு பயணம்.

புறப்படுகிற காலையில் ஸ்டேஷனுக்கு நாலு பேரும் ஏழு பெட்டியும் ஒரு தயிர்ச் சட்டியும் போய்ச் சேர்ந்தோம். சட்டியைப் பரீதா யாரிடமும் கொடுக்கவில்லை. ஜன்னலில் எனக்குப் பிறகு வந்த கலீலுர் றஹ்மான் இருந்தார். ஒழுங்கான பிள்ளை, ஆனாலும் ஒழுங்கானவர்களை நான் இரண்டு தரம் பார்ப்பேன். காக்கா தன் வாரண்டை நீட்டினார், நான் என்னுடையதை நீட்டினேன். கலீல் இரண்டையும் வாசித்தார், முத்திரை குத்தினார், லாச்சியைத் திறந்து உள்ளே போட்டார், டிக்கெட்டுகளை வெளியே தள்ளினார். நான் முப்பத்து நாலு வருஷம் ஒவ்வொரு நாளும் செய்த வேலை. அதைப் பரீதா பக்கத்தில் நின்று பார்ப்பார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

பரீதா சட்டியைக் கமலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குக் குனிந்தார்.

"தம்பி, அந்தக் கடதாசி?"

"அது எங்களுக்கு, உம்மா. டிக்கெட் தந்தா வாரண்டை எடுத்துப் போடுவம்."

"எப்பவும் அப்பிடியா?"

"வெள்ளைக்காரன் காலத்திலயிருந்து அப்பிடித்தான்."

பரீதா கைப்பையைத் திறந்தார். வழியில் யாராவது கேட்டால் காட்டவென்று நாற்பத்தொன்பதாம் ஆண்டு வாரண்டையும் கொண்டுவந்திருந்தார். அதை விரித்து முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். காக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீதா அவரைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். என்னைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணன் முப்பத்து நாலு வருஷம் இந்த ஜன்னலுக்குள்ளதானே இருந்தீங்க" என்றார்.

நான் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன். ஐந்து தரம் எண்ணியும் ஏழுதான் இருந்தது. வண்டி மேடையில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பி நடந்தால் யாராலும் மறிக்க ஏலாது. கமலேஸ்வரி சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றா.

"கல்லோயாவில எந்தப் பக்கம் மாறோணும்?" பரீதா இரண்டு பேரையும் பொதுவாகக் கேட்டார்.

காக்கா வலப்பக்கம் கையைக் காட்டினார். அதே நேரத்தில் நான் இடப்பக்கம் காட்டினேன்.

கமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, சட்டி ஆடியது. பரீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மறுபடி ஜன்னலுக்குக் குனிந்து, அந்தப் பழைய வாரண்டைப் பின்பக்கமாகத் திருப்பி உள்ளே தள்ளினார்.

"தம்பி, கல்லோயாவில எங்க இறங்கி எங்க ஏறுற எண்டு இதுல எழுதித் தாங்க. கொழும்பில எந்த ஸ்டேஷன், வெலிகாமத்துக்கு எந்த வண்டி, அதையும் எழுதுங்க. பெரிய எழுத்தா."

கலீல் ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். மேடை இலக்கம், எதிர்பார்க்கிற வண்டி, அது மட்டக்களப்பிலிருந்து வருகிறதா மட்டக்களப்புக்குப் போகிறதா என்று கேட்டுவிட்டு ஏறும்படி ஒரு எச்சரிக்கை, எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது. எழுதும்போது எங்கள் இருவரையும் அவர் நிமிர்ந்து பார்க்காதது பெரிய மரியாதை. பரீதா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, கமலேஸ்வரியிடம் சட்டியை வாங்கிக்கொண்டு, முதல் ஆளாக வண்டியில் ஏறினார். பின்னால் கமலேஸ்வரி. அதற்குப் பின்னால் ஏழு பெட்டி. கடைசியாக நாங்கள்.

கல்லோயாவில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பக்கமும் தண்டவாளம். நாங்கள் காட்டிய இரண்டு கைகளில் ஒன்று சரியாகத்தான் இருந்தது. அது யாருடைய கை என்று நான் சொல்லப் போவதில்லை, அது காக்காவுடைய கை. பரீதா யாருடைய கையையும் பார்க்கவில்லை. தாளை விரித்து வாசித்தார், ஒரு கூலியாளிடம் வாசித்துக் காட்டினார், பிறகு வண்டி வந்ததும் கார்டிடமும் காட்டினார், அதன் பிறகுதான் ஏறினார். முழுப் பயணத்திலும் அவர் நம்பியது மூன்று பேரை. அதில் நாங்கள் இல்லை. இருபத்தைந்து வருஷம் டின்னுக்குள் கிடந்த அந்த வாரண்ட் அன்றைக்குத்தான் முதல்முறை கல்லோயாவைக் கண்டது, எங்களைப் போல.

கொழும்பில் ஒரு இரவு தங்கி, மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு முன் வெலிகாமத்தில் இறங்கினோம். வீடு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. காக்காவும் நானும் பெட்டிகளோடு நூறு யார் தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தோம், வழிகாட்டிகள் நடக்க வேண்டிய தூரம் அது. நஜ்முன் நிஸா வாசலில் ஒரு சாய்வுக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தா. பரீதா சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு அவவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு தங்கை சட்டியின் மேல் கட்டிய வாழையிலையைக் கிழித்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தா. புளிக்கவில்லை.

அக்காவின் தோளுக்கு மேலால் எங்களை அப்போதுதான் கண்டா. இவ்வளவு தூரம் யார் கூட்டி வந்தது என்று கேட்டா.

பரீதா திரும்பிப் பார்த்தார். காக்கா நெஞ்சை நிமிர்த்தினார். நானும் கொஞ்சம் நிமிர்த்தினேன், பழக்கம்.

"இவங்க ரெண்டு பேரையும் நாந்தான் கூட்டி வந்தன்" என்றார்.